கோடு போடுகிறவர்கள் கையில் மட்டும் கணினி இருந்தால் போதுமா?

கோபிசெட்டிபாளையம் என்று ஒரு நாடாளுமன்றத் தொகுதி இருந்தது. இன்று கல்லூரிக்குப் போகிற நம் தம்பி தங்கைகளில் பலருக்கு அது தெரியாது. 2008-இல் நடைமுறைக்கு வந்த தொகுதி மறுவரையறை அந்தப் பெயரையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஊர் அங்கேயே இருக்கிறது. தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் அப்படியேதான் போகிறது. கோடு மட்டும்தான் மாறியது. கோபி சட்டமன்றத் தொகுதி திருப்பூர் நாடாளுமன்றத் தொகுதிக்குள் போனது. பக்கத்தில் இருக்கும் பவானிசாகர், நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. சத்தியமங்கலம் சட்டமன்றத் தொகுதி இல்லாமலே போனது.

அந்தக் கோடுகளை ஒருமுறை நம் கண்ணால் பார்ப்போம். நீலகிரி நாடாளுமன்றத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள்: உதகமண்டலம், குன்னூர், கூடலூர், மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர். இவற்றில் கூடலூர், அவிநாசி, பவானிசாகர் மூன்றும் தனித்தொகுதிகள். நீலகிரியும் தனித்தொகுதி. திருப்பூர் நாடாளுமன்றத் தொகுதியில் கோபி, பவானி, அந்தியூர், பெருந்துறை, திருப்பூர் வடக்கு, திருப்பூர் தெற்கு. ஆறில் ஒன்றுகூடத் தனித்தொகுதி இல்லை. கோவை நாடாளுமன்றத் தொகுதியின் ஆறிலும் ஒன்றுகூட இல்லை. ஈரோட்டில் தாராபுரம் ஒன்று. பொள்ளாச்சியில் வால்பாறை ஒன்று.

இதைச் சதி என்று நாம் சொல்ல வரவில்லை. நீலகிரி மாவட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பட்டியல் சாதியினர். அங்கே தனித்தொகுதி வந்தது சட்டப்படி சரிதான். மேற்கிலிருந்து ஒரு தலித் உறுப்பினர் நாடாளுமன்றத்துக்குப் போவதும் இதனால்தான். ஆனால் அதே கோட்டின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். திருப்பூர், கோவை நாடாளுமன்றத் தொகுதிகளுக்குள் இருக்கும் பன்னிரண்டு சட்டமன்றத் தொகுதிகளில் ஒரு தலித் சட்டமன்ற உறுப்பினர்கூட இருந்தாக வேண்டிய கட்டாயம் எந்தக் கட்சிக்கும் இல்லை. பொதுத்தொகுதியில் தலித் வேட்பாளரை நிறுத்தப் பெரிய கட்சிகள் எவ்வளவு தயங்கும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஒரு கோடு இங்கே சேர்க்கிறது, அங்கே கரைக்கிறது. அந்தக் கோட்டை யார் போடுகிறார்கள், எதை வைத்துப் போடுகிறார்கள், நாம் அதற்கு முன் என்ன செய்துவைத்திருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

நமக்கு ஏன் இது உயிர்ப் பிரச்சினை

1932 புனா ஒப்பந்தம் தனி வாக்காளர் தொகுதியை எடுத்துவிட்டு, கூட்டு வாக்காளர் தொகுதிக்குள் ஒதுக்கீட்டு இடங்களைத் தந்தது. வேட்பாளர் நம்மவர், வாக்காளர் எல்லோரும். அந்த ஏற்பாட்டில்தான் இன்றுவரை இருக்கிறோம். நம் பகுதியில் எந்தச் சட்டமன்றத் தொகுதியிலும் நாம் பாதிக்கு மேல் இல்லை. எனவே தனித்தொகுதியில்கூட யார் ஜெயிப்பது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது நாமல்ல. நம் வாக்கு எவ்வளவு கனமாக விழும் என்பது, அந்தத் தொகுதிக்குள் நம் காலனிகள் எத்தனை வருகின்றன என்பதைப் பொறுத்தது. அது கோட்டைப் பொறுத்தது.

ஈரோடு மாவட்டத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள். 2008 வரை தனித்தொகுதியாக இருந்தது அந்தியூர். மறுவரையறைக்குப் பின் அந்தியூர் பொதுத்தொகுதி ஆனது. பொதுத்தொகுதியாக இருந்த பவானிசாகர் தனித்தொகுதி ஆனது. அந்தியூர்ப் பக்கத்து காலனிகள் இடம் மாறவில்லை. அங்கே இருந்த மக்கள் எங்கும் போய்விடவில்லை. ஆனால் அவர்களிடமிருந்து ஒருவர் சட்டமன்றத்துக்குப் போகும் வழி ஒரே அறிவிக்கையில் அடைபட்டது. பவானிசாகருக்கு அது கிடைத்ததில் நமக்கு மகிழ்ச்சிதான். ஒரு மாவட்டத்தின் தலித்துகளுக்குள் ஒருவருடையதை எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பதாகவே அது முடிய வேண்டுமா என்பதே நம் கேள்வி.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதிகள். 2001 கணக்கெடுப்பில் பட்டியல் சாதியினர் 19 சதவீதம். 234-இல் 19 சதவீதம் 44.46. அதனால் 44 தனித்தொகுதிகள். 2011 கணக்கெடுப்பில் நாம் 20.01 சதவீதம். அதே 234-இல் அது 46.8. அதாவது 47-ஐ ஒட்டி வருகிறது. எண்ணிக்கை உயர்ந்தது, இடங்கள் உயரவில்லை. 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை எல்லாம் உறைய வைக்கப்பட்டிருக்கிறது. மாநிலத்துக்கு எத்தனை நாடாளுமன்ற இடம் குறையும் என்று எல்லாக் கட்சிகளும் பேசுகின்றன. பேச வேண்டியதுதான். ஆனால் அந்தப் பேச்சில் மாநிலத்துக்கு உள்ளே வரும் கோடுகளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. டெல்லியில் தமிழ்நாட்டின் குரல் குறையக் கூடாது என்கிறவர்கள், தமிழ்நாட்டுக்குள் காலனியின் குரல் குறையக் கூடாது என்றும் சொல்ல வேண்டும்.

கோடு விழுந்தால் சட்டம்

2002-ஆம் ஆண்டின் தொகுதி மறுவரையறைச் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒவ்வொரு மாணவரும் ஒருமுறை படிக்க வேண்டும். சின்னச் சட்டம்தான். அதன் 9-ஆவது பிரிவுதான் முக்கியம். தொகுதிகள் இயன்றவரை ஒன்றோடொன்று ஒட்டிய, கச்சிதமான நிலப்பகுதியாக இருக்க வேண்டும். ஆறு, மலை போன்ற இயற்கை அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து வசதி, மக்கள் வசதி ஆகியவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். பட்டியல் சாதித் தொகுதிகள் மாநிலத்தின் வெவ்வேறு பகுதிகளில் பரவலாக இருக்க வேண்டும். அவை இயன்றவரை நம் மக்கள் விகிதம் ஒப்பீட்டளவில் கூடுதலாக உள்ள இடங்களில் அமைய வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் கோடு. அதன் பிறகுதான் அந்தக் கோட்டுக்குள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. நாலு ஊராட்சிகளை இந்தப் பக்கம் தள்ளினால் ஒரு தொகுதி விகிதத்தில் முதலிடம் வரும். அந்தப் பக்கம் தள்ளினால் இரண்டாமிடம் போகும். ‘எண்ணிக்கைதான் முடிவு செய்தது’ என்று பிறகு சொல்வார்கள். எண்ணிக்கையை முடிவு செய்தது கோடு.

2006-இல் வந்த சச்சார் குழு அறிக்கை இதன் இன்னொரு முகத்தைக் காட்டியது. முஸ்லிம்கள் அதிகம் வாழும் தொகுதிகள் சில பட்டியல் சாதித் தொகுதிகளாக ஒதுக்கப்பட்டிருக்க, பட்டியல் சாதியினர் அதிகம் வாழும் தொகுதிகள் பொதுவில் விடப்பட்டிருப்பதை அந்தக் குழு சுட்டிக்காட்டியது. இரண்டு ஒடுக்கப்பட்ட மக்களும் ஒரே கோட்டில் நட்டப்படுகிறார்கள்.

ஆணையத்தின் வரைவை எதிர்த்து ஆட்சேபம் சொல்லலாம். பொது விசாரணை நடத்த வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆணையத்தோடு மாநிலத்துக்கு ஐந்து நாடாளுமன்ற உறுப்பினர்களும் ஐந்து சட்டமன்ற உறுப்பினர்களும் இணை உறுப்பினர்களாக அமர்வார்கள். அவர்களுக்கு வாக்குரிமை கிடையாது. ஆனால் காது கொடுக்கும் இடத்தில் இருப்பார்கள். இறுதி ஆணை அரசிதழில் வந்துவிட்டால் அது சட்டத்தின் வலுவைப் பெறும். நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்று அந்தச் சட்டத்தின் 10-ஆவது பிரிவும் அரசியல் சட்டத்தின் 329-ஆவது பிரிவும் சொல்கின்றன. 1966-இல் மேக்ராஜ் கோத்தாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. 2024 ஜூலையில் கிஷோர்சந்திர ரத்தோட் வழக்கில், வெளிப்படையான தன்னிச்சைப் போக்கு இருந்தால் கதவு முழுக்க மூடப்படவில்லை என்று சற்றே திறந்து வைத்தது. இந்த இரண்டு வழக்குகளும் எதற்காகப் போடப்பட்டவை தெரியுமா? உஜ்ஜைனி ஏன் தனித்தொகுதி ஆனது என்று ஒன்று. குஜராத்தின் பர்தோலி ஏன் தனித்தொகுதி ஆனது என்று இன்னொன்று. தங்கள் தொகுதி நமக்குப் போனதை எதிர்த்து நீதிமன்றம் போகிறவர்கள் இருக்கிறார்கள். நம் காலனி இரண்டாகப் பிளக்கப்பட்டது என்று நாம் போயிருக்கிறோமா? பிளக்கப்பட்டது என்று காட்ட நம்மிடம் வரைபடம் இருந்ததா?

ஒரு ஊராட்சி, மூன்று வரைபடங்கள்

சட்டமன்றத் தொகுதி பெரியது. புரிந்துகொள்ள ஒரு கற்பனை ஊராட்சியை எடுத்துக்கொள்வோம். மக்கள் 2,400 பேர். வார்டுகள் ஆறு. வார்டுக்கு 400 பேர். தலித்துகள் 480 பேர், அதாவது 20 சதவீதம். வடக்குக் காலனியில் 280 பேர், தெற்குக் காலனியில் 200 பேர். ஆறில் 20 சதவீதம் 1.2. ஆகவே ஒரு வார்டு நமக்கு ஒதுக்கீடு.

முதல் வரைபடம். மெயின் ரோடும் வாய்க்காலும்தான் எல்லை என்று வைக்கிறார்கள். வடக்குக் காலனி நடுவே ரோடு போகிறது. 140, 140 என்று இரண்டு வார்டுகளுக்குப் போகிறது. தெற்குக் காலனி வாய்க்காலின் இரு கரையிலும் இருக்கிறது. 100, 100 என்று பிரிகிறது. இப்போது எந்த வார்டிலும் நாம் 35 சதவீதத்தைத் தாண்டவில்லை. ஒதுக்கீட்டு வார்டில் நிற்பவர் நம் ஆள். அவரைத் தேர்ந்தெடுப்பது மீதி 65 சதவீதம். கைகட்டி நிற்கத் தயாராக இருப்பவரைத் தேடிப்பிடித்து நிறுத்துவார்கள். தோட்டத்துக்காரர் வீட்டுத் திண்ணைக்குக் கீழே நின்று கையெழுத்துப் போடும் உறுப்பினரை நாம் பார்த்ததில்லையா?

இரண்டாவது வரைபடம். வடக்குக் காலனியை முழுதாக ஒரே வார்டில் வைக்கிறார்கள். 280 பேர், 70 சதவீதம். தெற்குக் காலனியும் முழுதாக ஒரே வார்டில். 200 பேர், 50 சதவீதம். ஒதுக்கீட்டு வார்டில் நம் மக்கள் விரும்புகிற ஆள் வருவார். பொது வார்டான தெற்கிலும் நம்மைக் கேட்காமல் யாரும் ஜெயிக்க முடியாது.

மூன்றாவது வரைபடம். வீடே இல்லாத பள்ளத்தோரமாக ஒரு ஒடுக்கமான பட்டையை இழுத்து இரண்டு காலனிகளையும் இணைக்கிறார்கள். ஒரு வார்டில் 400 பேரும் நாமே. 100 சதவீதம். மீதி 80 பேர் வேறொரு வார்டில் 20 சதவீதமாக ஒட்டிக்கொள்கிறார்கள். கேட்க இனிப்பாக இருக்கும், ‘உங்களுக்கே ஒரு முழு வார்டு’ என்பார்கள். ஆனால் மற்ற ஐந்து வார்டு உறுப்பினர்களும் இனி காலனிக்குள் கால் வைக்க வேண்டியதில்லை.

மூன்றிலும் வார்டுக்குச் சரியாக 400 பேர்தான். மூன்றிலும் நம் விகிதம் 20 சதவீதம்தான். மூன்றிலும் ஒதுக்கீடு ஒன்றுதான். எண்ணிக்கைச் சமம் என்ற ஒரே அளவுகோலை வைத்துப் பார்த்தால் மூன்றும் ஒன்றே. நம் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் மூன்றும் வேறு வேறு. முதலாவதைச் சிதறடித்தல் என்போம். மூன்றாவதை அடைத்து வைத்தல் என்போம். அமெரிக்காவில் 1812-இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி காலத்திலிருந்து இதற்கு ‘ஜெர்ரிமேண்டரிங்’ என்றே பெயர். நம் ஊரில் பெயர் இல்லாமலே நடக்கிறது.

கணினி என்ன செய்கிறது

ஆறு வார்டு, இரண்டு காலனி என்றால் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். நூற்றுக்கணக்கான ஊர்களையும் பல சட்டமன்றத் தொகுதிகளையும் கொண்ட மாவட்டத்துக்கு எத்தனை விதமாகக் கோடு போடலாம் என்பதை எண்ணிமுடிக்கவே முடியாது. அதற்குத்தான் மென்பொருள். அது மந்திரமில்லை. நம் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் கணக்குக்குப் பக்கத்தில் இருப்பதுதான்.

ஒவ்வொரு ஊரையும் ஒரு புள்ளியாக வையுங்கள். எல்லை ஒட்டியிருக்கும் ஊர்களுக்கு நடுவே ஒரு கயிறு கட்டுங்கள். எல்லாப் புள்ளிகளும் இணைந்திருக்க வேண்டும், ஆனால் சுற்றி வரும் வளையம் ஒன்றும் இருக்கக் கூடாது என்று தேவையற்ற கயிறுகளை அவிழ்த்துவிடுங்கள். மிஞ்சுவது கிளை விட்ட மரம் மாதிரி இருக்கும். இப்போது ஏதாவது ஒரு கயிற்றை வெட்டினால் இரண்டு துண்டு. இரண்டு வெட்டினால் மூன்று துண்டு. எங்கே வெட்டுவது என்பதுதான் கேள்வி. பக்கத்துப் பக்கத்து ஊர்கள் எங்கே அதிகம் வேறுபடுகின்றனவோ அங்கே வெட்டினால், உள்ளே ஒத்த தன்மையுள்ள வட்டாரங்கள் கிடைக்கும். பிரேசில் ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ‘ஸ்கேட்டர்’ முறை இது. இருபுறமும் மக்கள்தொகை சமமாக வரும் இடத்தில் வெட்டினால் தொகுதிகள் கிடைக்கும். ‘ரீகாம்’ என்ற முறை அதைத்தான் செய்கிறது: பக்கத்துத் தொகுதிகள் இரண்டை ஒன்றாக்கி, புதிதாக மரம் கட்டி, சமமான இடத்தில் வெட்டி, மறுபடி மறுபடி அதையே செய்து ஆயிரக்கணக்கில் வரைபடங்களைக் கொட்டும்.

முதல் வேலைக்கு ‘ஜியோடா’ என்ற மென்பொருள் இருக்கிறது. லூக் அன்செலின் என்ற ஆய்வாளரின் குழு உருவாக்கியது. இரண்டாவது வேலைக்கு ‘ஜெர்ரிசெயின்’. கணிதப் பேராசிரியர் மூன் டூச்சின் அமைத்த குழு பைத்தான் மொழியில் எழுதியது. வரைபடத்தைத் திறந்து பார்க்க, திருத்த ‘கியூஜிஐஎஸ்’. மூன்றுமே இலவசம். இரண்டாம் கை மடிக்கணினியிலேயே ஓடும். தொகுதி எல்லைக் கோப்புகளை ‘டேட்டாமீட்’ என்ற தன்னார்வக் கூட்டமைப்பு பொதுவில் வைத்திருக்கிறது.

இவற்றால் என்ன பயன்? பென்சில்வேனியாவைப் பாருங்கள். அங்கே 2011-இல் ஆளும் கட்சி போட்ட தொகுதி வரைபடத்தை எதிர்த்து வழக்கு. ஒரு பேராசிரியர் நடுநிலையான விதிகளை மட்டும் வைத்துக் கணினியில் 1,000 வரைபடங்களை உருவாக்கினார். அரசின் வரைபடம் அந்தக் கூட்டத்திலிருந்து வெகுதூரம் விலகி நின்றது. தற்செயலாக இப்படி ஒரு கோடு விழாது என்று அதைக் கொண்டே காட்ட முடிந்தது. 2018-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் வரைபடத்தைத் தூக்கி எறிந்தது. ‘எங்களுக்கு அநியாயம் நடந்திருக்கிறது’ என்ற சொல்லுக்குக் கீழே கணக்கை வைத்த வழக்கு அது.

கண்ணை மூடிக்கொண்டால் நடுநிலை ஆகிவிடுமா

இங்கேதான் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அடுத்த மறுவரையறையில் ‘எல்லாம் கணினி செய்தது, சாதி பார்க்கவே இல்லை, முழு நடுநிலை’ என்று சொல்லப்போகிறார்கள் என்பது நம் கணிப்பு. அந்தச் சொல்லைக் கேட்டுக் கைதட்டிவிடக் கூடாது.

அலபாமாவில் இதே வாதம் வந்தது. அங்கே கறுப்பின மக்கள் நாலில் ஒரு பங்குக்கு மேல். நாடாளுமன்றத் தொகுதிகள் ஏழு. அவர்கள் பெரும்பான்மையாக இருந்தது ஒன்றில் மட்டும். இரண்டாவது வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். இனத்தைப் பார்க்காமல் கணினி போட்ட வரைபடங்களை அளவுகோலாக வைக்க வேண்டும், அவற்றில் இரண்டாவது தொகுதி வருவதில்லை என்று மாநில அரசு வாதிட்டது. வழக்குப் போட்டவர்கள் தரப்பில் மூன் டூச்சினும் இன்னொரு வல்லுநரும் சேர்ந்து பதினொரு மாதிரி வரைபடங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். எல்லா விதிகளுக்கும் உட்பட்டு இரண்டாவது தொகுதி சாத்தியம் என்பதற்குச் சான்று அவை. 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அரசின் வாதத்தை ஏற்கவில்லை. கறுப்பின மக்கள் பக்கம் தீர்ப்பு வந்தது.

அங்கே 1965-இல் போராடிப் பெற்ற வாக்குரிமைச் சட்டம் அவர்கள் கையில் இருந்தது. நம் மறுவரையறைச் சட்டத்தில் தலித் குடியிருப்புகளைப் பிளக்கக் கூடாது என்று ஒரு வரி கிடையாது. எனவே கணினி அதைப் பார்க்காது. எல்லைக்கு ரோடும் வாய்க்காலும்தான் என்று சொன்னால் அது ரோட்டையும் வாய்க்காலையும்தான் பார்க்கும். நம் முதல் வரைபடத்தில் காலனியைப் பிளந்தது யாருடைய வன்மமும் இல்லை. அந்த ரோடு ஊருக்குள் போகாமல் காலனிக்குள் ஏன் போனது, காலனி ஏன் வாய்க்கால் ஓரத்தில் கிடக்கிறது என்பதில்தான் வன்மம் இருக்கிறது. அந்தப் பழைய வன்மத்தை எல்லைக் கோடாக எடுத்துக்கொள்ளும் கணினிக்கு நடுநிலை என்று பெயர் வைக்க முடியாது.

அந்தக் கணினியின் கண்ணில் காலனி படாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கணக்கெடுப்புத் துறை ஊர்வாரியாகப் பட்டியல் சாதி மக்கள்தொகையை வெளியிடுகிறது. ஆனால் அது வருவாய்க் கிராமம் முழுவதற்குமான ஒரே எண். அந்தக் கிராமத்துக்குள் ஊர் எங்கே, காலனி எங்கே என்பது அதில் இல்லை. வார்டு கோடு போடுவதற்குத் தேவையானது அதுதான். அமெரிக்காவில் தெருத்தொகுதி அளவுக்கு இறங்கி இனவாரி எண்ணிக்கையை மறுவரையறைக்கென்றே வெளியிடுகிறார்கள்.

அடுத்தது அருந்ததியர் பிரச்சினை. மேற்கு மாவட்டங்களின் தலித்துகளில் அருந்ததியர் பெரும் பகுதி. 2009-இல் தமிழ்நாடு 3 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உட்பிரிவு செல்லும் என்றது. அந்த ஒதுக்கீடு கல்விக்கும் வேலைக்கும்தான், தொகுதிக்கு இல்லை. ஊர்வாரிப் புள்ளிவிவரத்தில் அருந்ததியர் எத்தனை பேர் என்பதும் இல்லை, ‘பட்டியல் சாதி’ என்ற ஒற்றை எண்தான். துப்புரவு வேலைக்குப் போகிறவர்கள் எந்த வார்டில் எத்தனை பேர் என்று தெரியாமல் அவர்களுக்கான நியாயத்தை எந்த மென்பொருளாலும் கணக்கிட முடியாது.

நாம் இப்போது செய்ய வேண்டியது

2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டிருக்கிறது. சாதிக் கணக்கும் அதில் உண்டு. தொகுதி மறுவரையறையானாலும் உள்ளாட்சி வார்டு மறுவரையறையானாலும், வரைவு வந்த பிறகு ஆட்சேபம் சொல்லக் கிடைப்பது சில வாரங்கள்தான். அந்தச் சில வாரங்களில் மென்பொருள் கற்றுக்கொண்டு, ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்து, வரைபடம் போட முடியாது. முன்பே செய்துவைத்திருக்க வேண்டும்.

முதல் வேலை, உங்கள் ஊராட்சியில் உள்ள காலனிகளைச் சுற்றி ஒருமுறை நடந்து வாருங்கள். கையில் இருக்கும் போனே போதும். நடந்த பாதையை அது கோடாகப் பதிந்து தரும். அதைக் கியூஜிஐஎஸ்ஸில் போட்டால் காலனியின் எல்லை வந்துவிடும். எத்தனை வீடு, எத்தனை பேர் என்பதை அங்குள்ள பெரியவர்களையும் அங்கன்வாடி அக்காக்களையும் கேட்டால் சொல்வார்கள். யார் பெயரும் வேண்டாம், எந்த வீட்டுக்காரர் எந்தக் கட்சி என்பதும் வேண்டாம். எல்லையும் எண்ணிக்கையும் மட்டும் போதும். நம் வீடுகளைப் பெயரோடு அடையாளம் காட்டும் பட்டியல் கலவரக்காரன் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். அதனால் இந்த விதியில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இரண்டாவது, இப்போதுள்ள வார்டு எல்லையை அதன் மேல் போட்டுப் பாருங்கள். உங்கள் காலனி எத்தனை வார்டுகளில் சிதறியிருக்கிறது என்பது அப்போதே தெரியும். மூன்றாவது, மாற்று வரைபடம் ஒன்று போடுங்கள். மக்கள்தொகை சமமாக, ஒட்டிய பகுதியாக, காலனி பிளவுபடாமல். பக்கத்து ஊரில் சிறுபான்மையாக இருக்கும் மற்ற ஏழை மக்களைப் பிளக்காமல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாம் கேட்பது நியாயம் என்றால் அது எல்லோருக்குமான அளவுகோலாக இருக்க வேண்டும்.

கணினி அறிவியல், புவியியல், புள்ளியியல் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு ஒரு தனி வேண்டுகோள். இறுதியாண்டு புராஜெக்டுக்கு எதையோ தேடி அலைகிறீர்கள். உங்கள் ஒன்றியத்துக்கு ஜெர்ரிசெயினில் ஆயிரம் வரைபடங்களை ஓட்டிப் பாருங்கள். இப்போதுள்ள வரைபடம் அந்த ஆயிரத்தில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அது உங்களுக்கு மதிப்பெண் தரும். நமக்கு ஆயுதம் தரும்.

அரசிடம் நாம் கேட்க வேண்டியவை நான்கு. பட்டியல் சாதி எண்ணிக்கையைக் குடியிருப்பு அளவில் வெளியிடு. வரைவு எல்லைகளைப் படிக்க முடியாத பிடிஎஃப் படமாக இல்லாமல் வரைபடக் கோப்பாகவே வெளியிடு. ஒரு தலித் குடியிருப்பு பிளக்கப்பட்டால் அதற்கான காரணத்தை எழுத்தில் தா. எந்த மென்பொருளில், எந்த விதிகளைக் கொடுத்து வரைபடம் போட்டாய் என்பதை வெளியில் சொல். இதில் ஒன்றுகூடப் பெரிய செலவு பிடிக்கும் கோரிக்கை இல்லை.

‘வரைபடம் போட்டால் சாதி ஒழிந்துவிடுமா?’ என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். ஒழியாது. 1996-இல் மேலவளவு ஊராட்சித் தலைவரான முருகேசனுக்கு ஒதுக்கீடு பதவியைத் தந்தது. 1997 ஜூன் 30 அன்று அவரையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் ஒதுக்கீடு வந்தும் பத்து ஆண்டுகள் தேர்தலை ஒழுங்காக நடத்தவிடவில்லை, 2006-இல்தான் நடந்தது. கோடு நமக்குப் பாதுகாப்புத் தராது. அதைத் தருவது நம் அமைப்பும் போராட்டமும்தான். ஆனால் கோடே தவறாக விழுந்துவிட்டால், அந்தப் போராட்டத்தை அடுத்த மறுவரையறை வரை முப்பது சதவீத வாக்கோடு நடத்த வேண்டியிருக்கும்.

ஒரு காலத்தில் எழுத்து அவர்களிடம் இருந்தது. கர்ணம் கணக்கு எழுதினார், நாம் கைநாட்டு வைத்தோம். நம் நிலம் எந்தச் சர்வே எண்ணில் போனது என்று நமக்குத் தெரியவே இல்லை. பஞ்சமி நிலம் அப்படித்தான் போனது. இன்று எழுத்து நம்மிடமும் இருக்கிறது; கணினியும் இருக்கிறது. இன்னொரு முறை, யாரோ போட்ட வரைபடத்தின் கீழே கைநாட்டு வைத்துவிட்டு வரக் கூடாது. வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் காலனியைச் சுற்றி நடப்பதிலிருந்து தொடங்குங்கள்.

ஜெய் பீம்.